பேர் போட்ட மை: நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் சட்டைப்பைச் செக்ரோலும் ஊற்றுப்பேனாவும்

ஆய்வுச் சுருக்கம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அன்றாட வருகையும் அவர்கள் பறித்த கொழுந்தின் எடையும் முதன்முதலில் எழுதப்பட்ட இடம், கணக்கப்பிள்ளையின் சட்டைப்பைக்குள் அடங்கிய சிறு குறிப்பேடு. ‘பாக்கெட் செக்ரோல்’ எனப்பட்ட அக்குறிப்பேட்டை நீலகிரியை மையமாகக் கொண்டும் இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதில் எழுதிய கருவி பென்சிலா ஊற்றுப்பேனாவா, எழுதிய மை நீரில் கரைவதா நிலைப்பதா என்பன உழைத்த நாள் எப்போது மறுக்க இயலாத உரிமையாயிற்று என்னும் வினாவோடு பிணைந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நீலகிரி, தேயிலைத் தோட்டம், செக்ரோல், கணக்கப்பிள்ளை, ஊற்றுப்பேனா, அரைப்பேர், பணிக்கொடை

இரண்டு ஏடுகள்

தோட்டத்து வழக்கில் ‘செக்ரோல்’ என்னும் சொல் இரண்டு ஏடுகளைக் குறித்தது. ஒன்று, அலுவலக மேசையில் விரித்துவைத்து எழுதப்படும் பெரிய பேரேடு. இடப்புறம் தொழிலாளரின் எண்ணும் பெயரும், அவற்றை அடுத்து மாதத்தின் நாள்களுக்குரிய கட்டங்கள், இறுதியில் மொத்த நாள், கூலி, பிடித்தம், கையில் தரப்பட்ட தொகை என அது அமைந்திருக்கும். மற்றொன்று சிறியது; வேலை நடக்கும் மலைச்சரிவுக்கே எடுத்துச் செல்லப்படுவது. காலையில் ஆள் எடுக்கும்போதும், பின்னர் கொழுந்து நிறுக்கும்போதும் அதில்தான் முதலில் எழுதப்பட்டது. மாலையில் அலுவலகம் திரும்பியபின் சிறிய ஏட்டிலிருந்து பெரிய ஏட்டுக்குக் கணக்கு ஏற்றப்பட்டது. ஆகவே பெரிய ஏடு நகல். மூலம் சட்டைப்பையில் இருந்தது.

ஆவணங்களை நம்பி வரலாறு எழுதுவோர் இந்த வரிசையை எளிதில் மறந்துவிடுகின்றனர். நீலகிரித் தேயிலையின் வரலாறு பெரும்பாலும் 1835இல் கேத்தியில் நட்ட சோதனைச் செடிகளில் தொடங்கி, 1850களில் குன்னூரில் எடுக்கப்பட்ட முயற்சிகள், 1859இல் தோன்றிய தியாஷோலா தோட்டம், 1893இல் அமைந்து பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி என்று நகர்கிறது. மேசை இருந்தவர்கள் எழுதிய தாள்களைக் கொண்டு கட்டப்பட்ட வரலாறு இது. தொழிலாளரைப் பற்றிப் பேசும் நூல்களும் விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளையே பெரிதும் சார்ந்துள்ளன. அவ்வறிக்கைகளில் உள்ள கூலிப் பட்டியல்கள் அலுவலகப் பேரேடுகளிலிருந்து திரட்டப்பட்டவை. அப்பேரேடுகள் சட்டைப்பை ஏடுகளிலிருந்து ஏற்றப்பட்டவை. மூன்றாம் படியில் நின்று முதற்படியைப் பற்றிப் பேசுகிறோம் என்னும் உணர்வு ஆய்வாளருக்கு வேண்டும்.

சிறிய ஏடு பாதுகாக்கப்படுவதற்காக உருவானதன்று. கணக்கு ஏறியதும் அதன் வேலை முடிந்தது. மழையில் நனைந்து, வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்து அது அழிந்தது. தாங்கியிருந்த தகவலின் முக்கியத்துவத்துக்கும் தன் ஆயுளுக்கும் இடையில் இத்தனை இடைவெளி கொண்ட ஆவணங்கள் தமிழ்ச் சமூக வரலாற்றில் மிகச் சிலவே.

ஆண்டு முழுவதும் ஒரே நினைவு

இவ்வேட்டின் எடையை உணரக் கூலி எப்போது தீர்க்கப்பட்டது என்பதை நோக்க வேண்டும். கங்காணிகள் கோயமுத்தூர், சேலம் போன்ற சமவெளி மாவட்டங்களிலும் மைசூர்ப் பகுதியிலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். அவ்வாறு வந்தவர்கள் ஒன்பது பத்து மாதம் வேலை செய்து ஊர் திரும்பினர். இடைக்காலத்தில் அரிசியும் செலவுக்குச் சிறு தொகையும் பெற்றனர். முழுக் கணக்கு பருவத்தின் முடிவில்தான் தீர்க்கப்பட்டது. தென்னிந்தியத் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய இந்த ஆண்டுக் கணக்கு முறை, டி. வி. ரீகே தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி 1946இல் அளித்த அறிக்கை வரையிலும் விவாதத்துக்கு உரியதாக இருந்தது. கங்காணிக்குத் தன் ஆட்களின் கூலியின் மீது கழிவு உண்டு.

எழுத்தறியாத ஒருவர் மார்கழியில் செய்த வேலைக்கான கூலியை அடுத்த புரட்டாசியில் கேட்டு நிற்கிறார் என்று கொள்வோம். அந்த நாளுக்குச் சாட்சி யார்? உடன் வேலை செய்தவர்களும் அதே நிலையில் உள்ளவர்களே. எழுத்து வடிவில் இருந்த ஒரே நினைவு செக்ரோல். அதை வாசிக்கவல்லவர் அதை எழுதியவரே. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்த நாவல், ஆண்டுக் கணக்குத் தீர்க்கும் நாளில் உழைப்பு முழுவதும் முன்பணக் கடனில் கரைந்துபோவதை மையமாகக் கொண்டது. அது வால்பாறைப் பகுதியின் கதை. எனினும் கணக்கு முறை நீலகிரிக்கும் அயலானதன்று.

சட்டம் இந்த ஏட்டுக்கு மற்றொரு கூர்மையைத் தந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை முடிக்காதவரை நடுவர் முன் நிறுத்த வழிசெய்தது. பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ நடுவர் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 1903இல் வந்த சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இதே போக்கில் தோட்ட அதிபருக்குத் துணைநின்றது. எத்தனை நாள் வேலை செய்தார், எத்தனை நாள் வரவில்லை என்னும் வினா எழும்போது, வராத நாளைக் காட்டும் வெற்றுக்கட்டம் தொழிலாளருக்கு எதிரான சான்றாக நின்றது. 1859 சட்டம் 1926 ஏப்ரலில்தான் விலக்கப்பட்டது. அதுவரை செக்ரோல் கூலியின் ஏடாக மட்டுமன்றிக் குற்றத்தின் ஏடாகவும் விளங்கியது.

மழையும் மையும்

இனி எழுதுகருவிக்கு வருவோம். தொட்டெழுதும் பேனாவும் மைக்கூடும் மலைச்சரிவில் பயன்படா. அமர்வதற்கு இடமின்றி, ஒரு கையில் ஏட்டையும் மறு கையில் பேனாவையும் பிடித்து நின்றபடி எழுத வேண்டும். ஆகவே களத்தில் முதலில் புழங்கியது பென்சில். மழையில் கலையாது, குளிரில் உறையாது, கவிழாது. ஆனால் அழிக்கலாம். அழித்த தடம் நல்ல தாளில் சிறிது தெரியும். ஈரமான மலிவுத் தாளில் அதுவும் தெரியாது.

பென்சிலுக்கும் மைக்கும் நடுவே ‘காப்பியிங் பென்சில்’ என ஒன்று இருந்தது. கிராபைட்டோடு அனிலின் சாயம் கலந்து செய்யப்பட்ட இது 1870களில் ஐரோப்பாவில் தோன்றி, இந்தியாவில் இரயில்வே, அஞ்சல் முதலிய துறைகளில் பரவியது. எழுதும்போது சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதாவாக மாறித் தாளில் ஊறிவிடும். பிறகு ரப்பரால் அழிக்க இயலாது. நாவில் தொட்டு ஈரமாக்கி எழுதிய எழுத்தர்களின் உதட்டில் ஊதாக்கறை படிவது அக்காலக் காட்சி. மழை மிகுந்த மலைக்கு ஏற்ற கருவி இதுவெனத் தோன்றினாலும் இதற்குக் குறையும் உண்டு. பெருமழையில் ஏடு நனைந்தால் எழுத்து ஊதாக் குழம்பாகப் படர்ந்து, அழிக்க முடியாத எழுத்து வாசிக்க முடியாத எழுத்தாகிவிடும்.

ஊற்றுப்பேனாவின் கதை வேறு. லூயி எட்சன் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவில், மை சீராக இறங்கவும் அதற்கு ஈடாகக் காற்று உள்ளே செல்லவும் நுண்ணிய வாய்க்கால்கள் அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறக்குமதியாக வந்த இப்பேனா, 1930களில் சுதேசி உணர்வோடு ராஜமுந்திரியில் இரத்தினம் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டது. தமிழகத்தில் சாத்தூர், காராச்சேவுக்கு நிகராகப் பேனா நிப்புக்கும் பெயர்பெற்ற ஊராயிற்று. பந்துமுனைப் பேனா பரவும்வரை அங்கு நிப்புத் தொழில் குடிசைத் தொழிலாகத் தழைத்தது. மலை மேல் ஏறிய பேனாக்களின் முனை தென்பாண்டிச் சீமையில் அடிக்கப்பட்டது என்பது பொருளாதார வரலாற்றில் தொடர்ந்து பார்க்கத்தக்க ஓர் இழை.

மலையில் ஊற்றுப்பேனாவுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு; அது இயற்பியல் சார்ந்தது. பழைய பேனாக்களில் மை, பில்லர் எனப்படும் சொட்டுக் குழாயால் நேரே உடலுக்குள் ஊற்றப்பட்டது. பேனா பாதி காலியானால் மறுபாதியில் காற்று இருக்கும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டர். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். உதகமண்டலம் 2,240 மீட்டர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய மலை இரயிலில் ஒருவர் பாதி காலியான பேனாவைச் சட்டைப்பையில் செருகி ஏறினால், குன்னூரை அடைவதற்குள் அதிலுள்ள காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரியும். ஒரு மில்லிலிட்டர் காற்று இருந்தால் நான்கு சொட்டளவு மை வெளியேறச் சட்டை கறைபடும். மலைவாசிக்கு இச்சிக்கல் சிறிய அளவில் நாள்தோறும் நேரும். பனி படிந்த விடியலில் குளிர்ந்திருந்த பேனா உடற்சூட்டில் வெதும்பும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து நிப்பில் மை திரளும். பேனாவை நிறைய நிரப்பிவைப்பதும் நிப்பு மேல்நோக்கி இருக்கச் செருகுவதுமே இதற்குரிய மாற்று. சட்டைப்பையில் நிமிர்ந்து நின்ற பேனா அதிகாரத்தின் சின்னமாகத் தோன்றியதற்கு ஒழுகாமல் காக்கும் இந்தத் தேவையும் ஒரு காரணம்.

மையிலும் இருவகை. சாயத்தை நீரில் கரைத்துச் செய்யும் மை அழகாக ஓடும். ஒரு துளி மழையில் கரைந்தும் போகும். மற்றது இரும்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த நீலக்கறுப்பு மை. எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளின் இழையோடு பிணைந்துவிடும். நனைந்தாலும் கறுப்பு நிற்கும். பதிவுத்துறைகள் இதையே விரும்பின. நம் மரபுக்கு இது புதிதன்று; கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய முறையும் இதே வேதியியல்தான். தேயிலைக் கொழுந்திலும் இத்தகைய துவர்ப்புப் பொருள்கள் மிகுதி. கொழுந்து பறிக்கும் விரல்களில் சாறு படிந்து கறுத்துவிடுவதைத் தோட்டப் பகுதியில் பழகியவர் அறிவர். தேயிலைச் சாற்றோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு மையே உண்டாகும். பறித்தவரின் விரற்கறையும் அவரது நாளைப் பதிந்த மையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

கூலி நாளில் மூன்றாவது மை ஒன்றும் வந்தது. பேரேட்டின் கடைசிக் கட்டத்தில் தொழிலாளர் வைத்த கைநாட்டு. தம் நாள்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதை வாசிக்காமலே அவற்றை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் கறை அது. தொழிலாளரின் கையிலிருந்து அந்த ஏட்டில் ஏறிய ஒரே எழுத்தும் அதுவே.

அரைப்பேர்

வருகை ஏடுகளில் பரவலாகக் காணப்படும் முறை ஒன்றுண்டு. ஒரு சாய்கோடு அரை நாள்; அதன் குறுக்கே மற்றொரு சாய்கோடு விழுந்தால் முழு நாள். முதற்கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடையே நான்கைந்து மணி நேர வேலை இருக்கிறது. இலங்கை மலையகத் தமிழில் வேலை நாளைப் பதிவதற்குப் ‘பேர் போடுதல்’ என்று பெயர். அரை நாளாகக் குறைத்தால் ‘அரைப்பேர்’. கூலியைக் குறிக்கப் ‘பேர்’ என்ற சொல்லே வந்தமைந்தது கருதத்தக்கது. ஏட்டில் பெயர் விழாத நாளில் ஒருவர் அங்கு இருந்ததாகவே கொள்ளப்படவில்லை. குறித்த நிறை கொழுந்து பறிக்காதவருக்கும் காலந்தாழ்ந்து வந்தவருக்கும் அரைப்பேர் விழுந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் கணக்கப்பிள்ளை மீதான சினம் பெரும்பாலும் இந்த எழுத்தின் மீதான சினமே.

இங்கு மையின் தன்மை நேரடியாக வினைபுரிகிறது. பென்சிலால் எழுதினால் கோட்டைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். மையால் எழுதினால் சேர்க்க முடியும், நீக்க முடியாது. அதாவது மை, விழுந்த பேரை அழிப்பதிலிருந்து காத்தது. விழாத பேரைப் பின்னர் எழுதுவதைத் தடுக்கவில்லை. இந்த ஒருபக்கச் சார்பு யாருக்கு உதவியது என்பதில்தான் ஆய்வுக்குரிய நுட்பம் உள்ளது.

நிர்வாகத்தின் நோக்கில் சேர்த்தெழுதுவதே பெரிய ஆபத்து. கங்காணியின் வருமானம் ஆட்களின் கூலியோடும், இலங்கையில் அன்றாடம் வேலைக்கு வந்த தலைகளின் எண்ணிக்கையோடும் கட்டப்பட்டிருந்தது. தலைக்காசு, பென்ஸ் காசு என்றெல்லாம் அங்கு வழங்கப்பட்ட அந்தத் தொகை, வராதவரையும் வந்தவராகக் காட்டும் ஆசையைத் தூண்டவல்லது. எனவே பேர் கூட விழுவதில் கங்காணிக்கு ஆதாயம். பேர் குறைவதில் செலவைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்துக்கு ஆதாயம். இவ்விரண்டுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்து நின்றவர் கணக்கப்பிள்ளை. அவரை வெறும் கொடியவராகக் காட்டும் இலக்கிய மரபு உணர்வளவில் நியாயமானது. ஆயினும் வரலாற்று விளக்கத்துக்கு அது போதாது. அவர் கையிலிருந்த ஏடு இரு திசைகளில் இழுக்கப்பட்டது. அந்த இழுபறியில் தொழிலாளரின் நலன் சில வேளை கங்காணியின் ஆசையோடு தற்செயலாக ஒத்துப்போனது. பல வேளை எவருடனும் ஒத்துப்போகவில்லை.

எடைக் கணக்கு இதனினும் நுட்பமானது. கொழுந்து நனைந்திருந்தால் ஈரத்துக்கென்று கழிக்கப்படும். முற்றிய இலை கலந்தால் அதற்கும் கழிவு. தராசு முள் நின்ற இடமும் ஏட்டில் விழுந்த எண்ணும் வேறுவேறு. மழைநாளில் பறித்தவர் இரு முறை இழந்தார்: ஈரத்துக்காகக் கழித்த எடை ஒன்று, ஏட்டில் கரைந்து மங்கிய எண் மற்றொன்று. பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்னும் வழக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்ததே 1976இன் சம ஊதியச் சட்டத்தால்தான்.

பெயரை எழுதுவதிலும் இடர்ப்பாடு இருந்தது. களத்தில் தமிழில் குறித்தது அலுவலகத்தில் ஆங்கிலத்தில் ஏறும்போது ழகர ளகர லகர வேறுபாடு மறைந்தது. ஒரே ஒலிப்பில் இருவர் நின்றனர். மாரியம்மாள்கள் பலர் இருந்த லயத்தில் எண்ணே பெயராயிற்று. பிற்காலத்தில் ஓய்வுக்காலப் பயன்களைக் கேட்டு நின்றபோது, பெயரின் ஓரெழுத்து மாறியிருப்பதே ஒருவரை இருவராக்கப் போதுமானதாக இருந்தது.

நீலகிரியில் இதற்கு மாறான ஒரு குறிப்பேடும் உண்டு. அதைச் சுட்டிச் செல்வது தகும். படுகர் முதலான சிறு விவசாயிகள் தம் நிலத்துப் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றனர். 1962இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும் அதைப் பின்பற்றித் தோன்றியவையும் இதற்கெனவே அமைந்தவை. இலை கொடுத்தவரும் எடையைத் தம் கணக்கில் குறித்துக்கொள்ள இயலும் என்பதால், இங்கே எழுத்து ஒருவர் கையில் மட்டும் இல்லை. கூலிக்காரருக்கும் சிறு உடைமையாளருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பேனா யாரிடம் இருந்தது என்பதைக் கொண்டும் அளக்கலாம்.

கடல் கடந்து வந்த சொற்கள்

மேலே இலங்கை வழக்குகளைச் சுட்டியதற்குக் காரணம் ஒப்பீட்டு ஆர்வம் மட்டுமன்று; அந்த வழக்குகளைப் பேசிய மக்களே பின்னாளில் நீலகிரிக்கு வந்தனர். இலங்கைத் தோட்டங்களில் கடனை ஒரு தாளில் எழுதி, அக்கடனைத் தீர்க்கும் அடுத்த தோட்டத்துக்கு ஆளை மாற்றும் ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஒரு துண்டுத்தாள் மனிதரின் நடமாட்டத்தையே கட்டிவைத்திருந்த காலம் அது. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் தொடர்ச்சியாக வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது: மணமானவருக்கு ஏழாண்டு, பிறருக்குப் பத்தாண்டு. பிறப்புச் சான்றும் நிலப் பட்டாவும் இல்லாத லயத்து மக்களுக்குத் தோட்டத்தின் ஏடுகளே வாழ்ந்ததற்குரிய எழுத்துச் சான்று. கூலிக்காக எழுதப்பட்ட கோடு, நாடு எது என்னும் வினாவுக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று. வேலைக்குச் செல்லாத மாதங்களைக் காட்டும் வெற்றுக்கட்டங்கள் அப்போது வேறொரு பொருள் பெற்றன.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து மண்டபம் முகாம் வழியாகச் சிதறியோரில் பலர் நீலகிரி வந்தனர். அவர்களுக்கென்று 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது; 1976இல் அது ‘டான்டீ’ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அதன் தோட்டங்கள் அமைந்தன. வந்தவர்கள் லயம், பிரட்டு, கணக்கப்பிள்ளை, பேர், அரைப்பேர் ஆகிய சொற்களையும் கொண்டுவந்தனர். ‘பிரட்டு’ என்பது அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. கூடலூர் வட்டாரத்துத் தோட்டத் தமிழை ஆராய்வோர், இச்சொற்களில் எவை முன்பே இங்கு வழங்கின, எவை கப்பலேறி வந்தன என்று பிரித்தறிவது பயன் தரும்.

மூன்று ஆண்டும் முப்பது ஆண்டும்

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் செக்ரோலின் பொருளை மாற்றின. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், வயதுவந்தோர் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஊதிய விடுப்பு என விதித்தது. 1972இன் பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களையும் தன்னுள் அடக்கியது. ஐந்தாண்டு தொடர்பணி முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம்; தொடர்பணி என்பதற்குப் பொதுவான அளவுகோல் ஓராண்டில் 240 நாள். இதன்பின் சட்டைப்பை ஏட்டில் விழும் ஒவ்வொரு கோடும் அந்த நாளின் கூலியோடு நின்றுவிடவில்லை. விடுப்பாகவும் பணிக்கொடையாகவும் திரண்டது. 239ஆம் நாளுக்கும் 240ஆம் நாளுக்கும் இடையே ஓராண்டு இருந்தது.

ஆனால் ஏட்டைக் காக்கும் கடமையைச் சட்டம் வேறு அளவில் வைத்தது. ஊதியம் வழங்கல் சட்டத்தில் 1964இன் திருத்தத்தால் சேர்ந்த 13அ பிரிவு, பதிவேடுகளைக் கடைசிப் பதிவுக்குப் பின் மூன்று ஆண்டு காத்தால் போதும் என்றது. முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வுபெறும் ஒருவரின் இருபத்தேழு ஆண்டுகளுக்குரிய அன்றாடப் பதிவுகள் அவ்விதிப்படி அழியத் தக்கவையாக இருந்தன. அலுவலகப் பேரேட்டுக்கே இந்நிலை என்றால் அதன் மூலமான சட்டைப்பை ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூலியுரிமையின் ஆயுளையும் பணிக்கொடை உரிமையின் ஆயுளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் இயற்றப்பட்ட விதிகள் இவை. நிலைக்கும் மையில் எழுதினாலும் நிலைக்காத ஏட்டில் எழுதினால் பயன் என்ன என்னும் வினாவைத் தொழிலாளர் சட்ட ஆய்வுகள் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே கருதுகிறேன்.

தேட வேண்டியவை

பந்துமுனைப் பேனா வந்தபின் ஊற்றுப்பேனாவின் காலம் களத்தில் முடிந்தது. அதன் பசைமை மழையைத் தாங்கியது, ஏற்றத்தில் ஒழுகவில்லை, நிரப்பத் தேவையுமில்லை. இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசும் விரல்ரேகைக் கருவியும் வந்துவிட்டன. முன்பு கணக்கின் முடிவில் ஏற்பாக வைக்கப்பட்ட விரல், இப்போது நாளின் தொடக்கத்தில் வருகையாக வைக்கப்படுகிறது.

எஞ்சிய சட்டைப்பை ஏடுகள் எங்கேனும் இருக்குமாயின், தோட்ட அலுவலகங்களைக் காட்டிலும் ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், கணக்கப்பிள்ளை குடும்பங்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் இருக்கவே வாய்ப்பு மிகுதி. உதகமண்டலம், கூடலூர் அரசுக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இது நடந்தே சென்று செய்யத்தக்க களப்பணி. ஏடு கிடைத்தால் முதலில் அதன் மொழியைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பெயர்கள் தமிழிலா ஆங்கிலத்திலா, எண்கள் எவ்வகை, வேலையின் பெயர்கள் எவை. அடுத்து, ஒரே கட்டத்திலுள்ள இரு சாய்கோடுகளும் ஒரே மையில் விழுந்தனவா என்று பார்க்க வேண்டும். காலையில் விழுந்த கோடும் பிற்பகலில் விழுந்த கோடும் அழுத்தத்திலும் நிறத்திலும் சிறிதேனும் மாறுபடுவதே இயல்பு. மாத இறுதியில் ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட பக்கத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வில், ஒரே ஈரத்தில் நிற்கும். அந்த ஒழுங்கே ஐயத்துக்கு இடமளிக்கும்.

ஏடு காட்டாதவற்றை மக்களின் நினைவில் தேடலாம். பால் கணக்கைச் சுவரில் கோடிட்டு வைத்த தமிழ் வீடுகளின் வழக்கம் அனைவரும் அறிந்தது. லயத்துச் சுவர்களில் வேலை நாளுக்கும் அத்தகைய கணக்கு இருந்ததா என்று முதிய பெண்களிடம் கேட்க வேண்டும். இருந்திருந்தால் அது கணக்கப்பிள்ளையின் ஏட்டுக்கு எதிர் ஏடு. சுண்ணாம்பு அடித்த சுவர்களில் அதை இனிக் காண இயலாது. சொல்லக் கேட்கத்தான் முடியும்.

கையாளும் முறை பற்றியும் ஒரு சொல். நீலக்கறுப்பு மை எழுதிய இடத்தில் தாள் பழுப்பேறி ஒடிந்துபோகலாம். அத்தகைய பக்கங்களைப் புரட்டாமல் தட்டையாக வைத்துப் படம் எடுப்பது நல்லது. சாய மை வெயிலில் வெளிறும். ஊதாப் பென்சில் எழுத்து, பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஈரத்துக்காகக் காத்திருக்கிறது; விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டும் நம் பழக்கம் ஒன்றே ஒரு மாதக் கூலியின் பதிவைக் கலைத்துவிடப் போதும்.